கொடி தூக்கும் தாக்னி

தாக்னியைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவளை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் பிடித்தவர்கள் எழுதினால் நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். அறுபது வருஷமாக ஒருத்தியைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவளுக்குத்தான் அவளுடைய ஒவ்வொரு அசைவும் மனப்பாடமாக இருக்கும். அதனால் நானே எழுதுகிறேன். என் பெயர் யோருன். ஹெல்விக் ஊராட்சி அலுவலகத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள். இந்த ஊரில் யாருக்கு எப்போது கொட்டகை கட்ட அனுமதி கிடைத்தது என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். என்னிடம் யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

ஏழு வயதில் இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்தோம். நான் வீட்டுப் பாடத்தை எல்லாம் முடித்துக்கொண்டு போவேன். அவள் முடிக்காமல் வந்து, முடிக்காததற்கு ஒரு காரணம் சொல்வாள், வாத்தியார் சிரித்துவிடுவார். அப்போதே என்னைவிட ஒரு தலை உயரம். பதினாறு வயதில் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தாள். பிறகு பெரிய வண்டி ஓட்ட உரிமம் வாங்கி, முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். சாலையில் பனி இறுகிக் கிடக்கிற ஜனவரியில் தானே கீழே குனிந்து டயருக்குச் சங்கிலி மாட்டுவாள், பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. என் கணவர் ஸ்வெர்ரெ சாப்பாட்டு மேஜையிலேயே படகு இன்ஜினைப் பிரித்துப் போடுகிற நாட்களில் எனக்கு அதன்மேலும் பொறாமை வந்ததுண்டு.

இதெல்லாம் கூடப் போகட்டும். நான் அவளை மன்னிக்காத விஷயம் கொடிதான்.

ஹெல்விக்கில் வீட்டுக்கு வீடு கொடிமரம் உண்டு. பிறந்த நாளா, கல்யாணமா, மகன் ராணுவத்திலிருந்து வருகிறானா, கொடி ஏறும். யாராவது இறந்தால் தெரு முழுக்கக் கொடி அரைக்கம்பத்தில் நிற்கும். காலை எட்டு மணிக்கு ஏற்ற வேண்டும். சூரியன் மறையும்போது இறக்க வேண்டும், சூரியன் மறையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கோடையில் ஒன்பது மணிக்கு இறக்க வேண்டும். தரையில் படக் கூடாது. இவ்வளவுதான் விதி, கஷ்டமே இல்லை. ஆனாலும் மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதைத் தாண்டியும் ஒரு வீட்டில் கொடி தொங்கினால் நான் போன் செய்வேன். யாராவது செய்ய வேண்டாமா?

ஒரு முறை தாக்னிக்கே செய்தேன். அவளுடைய பிறந்த நாள். மணி ஒன்பதரை.

"தாக்னி, ஒன் கொடி இன்னும் மேல இருக்கு."

"தெரியும்டி. ஜன்னல்லேருந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லாத்தான இருக்கு?"

"மணி ஒன்பதரை."

"அப்ப கொஞ்சம் வந்து கேக் சாப்பிட்டுட்டு நீயே எறக்கிக் குடுத்துட்டுப் போயேன். எனக்கு எழுந்திருக்கவே முடியல, அவ்வளவு தின்னுட்டேன்."

நான் போகவில்லை. திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

இப்படிப்பட்டவள்தான் எங்கள் தேசிய நாளான மே பதினேழாம் தேதி ஊர்வலத்தில் முதல் ஆளாகக் கொடி தூக்கினாள். ஒரு வருஷம் இரண்டு வருஷமில்லை, பத்தொன்பது வருஷம்.

ஊர்வலத்தின் ஒழுங்கு எல்லாருக்கும் தெரியும். தேவாலய வாசலில், போரில் இறந்தவர்களின் நினைவுக்கல்லுக்கு மாலை வைத்துவிட்டுக் கிளம்பி, முதியோர் இல்லம் வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். எல்லாருக்கும் முன்னால் தேசியக் கொடி. அதற்கு முன்னால் வேறெந்தக் கொடியும் போகக் கூடாது. அதன் பின்னால் மகளிர் சங்கத்தின் கொடி, அப்புறம் பேண்டு வாத்தியம், அப்புறம் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள். மகளிர் சங்கக் கொடி கருநீலப் பட்டு, விளிம்பெல்லாம் வெள்ளி நூல் வேலைப்பாடு, அதில் பாதி என் கைவேலை. அதைத் தூக்கியது நான். எவ்வளவு வேலைப்பாடு இருந்தால் என்ன, இரண்டாவது இரண்டாவதுதான்.

அந்த இடம் எனக்கே வந்திருக்க வேண்டும். முன்பு தூக்கிக்கொண்டிருந்த கப்பல்காரக் கிழவருக்கு முழங்கால் போய்விட்டது. விழாக் குழு கூடி அடுத்த ஆளைப் பார்த்தது. கொடி விதிகள் முழுவதும் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வாஃபிள் சுடுகிற முறையும் என்னுடையதாக இருந்தது. புகை வாடை வந்ததும் சமையலறைக்கு ஓடினேன். இரண்டு தட்டு நிறைய வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியுமாகத் திரும்பி வந்தபோது காரியம் முடிந்திருந்தது.

"தாக்னி தூக்கட்டும்னு பேசிட்டோம்மா. நல்ல ஒயரம். ஒனக்குச் சரிதானே?" என்றார் ஹால்வார்ட். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அன்றும் இன்றும் குழுவின் தலைவர்.

இரண்டு கையிலும் தட்டை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன சொல்வாள்? சரிதான் என்றேன். அதற்கப்புறம் வீட்டில் வாஃபிள் சுடுவதையே விட்டுவிட்டேன்.

அவள் தூக்கிய அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், சொன்னால் ஊரே சிரிக்கும். எங்கள் வட்டாரத்துக் கறுப்புக் கம்பளிப் பாவாடை, வெள்ளிப் பொத்தான்கள், வெள்ளைக் கையுறை. தோளில் குறுக்காகத் தோல் வார். வாரின் நுனியில் ஒரு கிண்ணம், கம்பத்தின் அடி அதில் உட்காரும். நிமிர்ந்த கழுத்து, இடமும் வலமும் திரும்பாத தலை. கர்வம் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டே நான் பின்னால் நடப்பேன். கழுத்தைப் பார், ராணி மாதிரி. இந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினால் குறைந்தா போய்விடுவாள்? ஸ்வெர்ரெ அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அவரே ஒரு வருஷம் சாப்பிடும்போது, "தாக்னி தூக்கினா கொடிக்கே ஒரு களை வந்துடுது, இல்ல?" என்றார். மூன்று நாள் அவருக்கு உருளைக்கிழங்கைக் குழம்பில்லாமல் போட்டேன். ஏன் என்று அவருக்கு இன்று வரை தெரியாது.

போன வருஷம் மே பதினேழு அன்று மழை. கம்பளிப் பாவாடைகள் நனைந்து கனத்தன, ட்ரம் அடிக்கிற பையன்களின் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதியோர் இல்லத்துக்கு முன்னால் சாலை சரிவாக இறங்கும். அங்கே ஒரு சின்னப் பெண்ணின் கையிலிருந்து பலூன் நழுவியது. அவள் அதைத் துரத்திக்கொண்டு சாலையின் நடுவே பாய்ந்துவிட்டாள். தாக்னி சட்டென்று நின்றாள். கம்பத்தின் அடி கிண்ணத்திலிருந்து கழன்றது. கம்பம் முன்னால் சாய்ந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து, ஒரு முழங்காலை மடக்கித் தாங்கினாள். தாங்குவதற்குள் கொடியின் ஒரு முனை ஈரத் தாரில் பட்டுவிட்டது.

ஒரு நொடிதான். தூக்கிவிட்டாள், கம்பம் கிண்ணத்தில் உட்கார்ந்தது, நடந்தாள். சாலையோரத்தில் இருந்த அத்தனை பேரும் குழந்தையையும் அதை அள்ளிய அம்மாவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேண்டுக்காரர்களுக்கு என் பட்டுக்கொடி மறைத்துவிட்டது. கொடி தரையில் பட்டதைப் பார்த்தது நான் மட்டும்தான்.

எனக்கு முதலில் வந்தது அதிர்ச்சி இல்லை, சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

தரையில் பட்ட கொடியை எரித்துவிட வேண்டும் என்பார்கள் சிலர். துவைத்து இஸ்திரி போட்டால் போதும் என்பார்கள் சிலர். ஆனால் பட்டதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தாக்னி சொல்லவில்லை. அன்று மாலை ஹால்வார்ட் நன்றி சொல்லிக் கைகுலுக்கினார், அவளும் குலுக்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜூன் போயிற்று, கோடை போயிற்று. ஒரு நாள் கடையில் காபித்தூள் அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"இந்த வருஷம் ஊர்வலம் நல்லாப் போச்சுல்ல?" என்று ஆழம் பார்த்தேன்.

"நனைஞ்சு போச்சு. எம் பாவாட காயவே ஒரு வாரம் ஆச்சுடி," என்று சிரித்தாள். முகத்தில் ஒரு உறுத்தல் இல்லை. இருந்து நான்தான் கண்டுகொள்ளவில்லையோ என்னவோ.

பத்து மாதம் அதை எனக்குள்ளேயே வைத்திருந்தேன். மார்ச்சில் குழு கூடியது. பள்ளிக்கூட நூலக அறை, தாக்னியும் நானும் சேர்த்து ஐந்து பேர். வாஃபிள் முறை யாருடையது என்று முன்பே கேட்டுக்கொண்டுதான் போனேன். ஹால்வார்ட் பட்டியலைப் படித்தார். ஐஸ்கிரீமுக்கு யார், சாசேஜுக்கு யார், சாக்கு ஓட்டத்துக்கு யார். பிறகு, "கொடிக்கு வழக்கம்போல தாக்னி" என்று பேனாவை எடுத்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "போன வருஷம் கொடி தரைல பட்டுது. முதியோர் இல்லத்துச் சரிவுல. நான் பாத்தேன்."

ஹால்வார்ட் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாருடைய பார்வையும் தாக்னி மேல் இல்லை, என் மேல் இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஆமா, பட்டுது," என்றாள் தாக்னி.

"மழைல, அந்தக் கொழந்த வேற குறுக்க வந்துது, இதெல்லாம் சகஜந்தாம்மா," என்றார் ஹால்வார்ட் அவசரமாக.

"பட்டத விடுங்க ஹால்வார்ட். அத நான் சொல்லாம இருந்தேன் பாருங்க, அதான் தப்பு. அன்னிக்கே சொல்லணும்னு வந்தேன். நீங்க கையக் குலுக்குனீங்க, வாய் வரல. சொன்னா அடுத்த வருஷம் வேற ஆளுகிட்ட குடுத்துடுவீங்களோன்னு பயம். அறுபத்தாறு வயசுல எனக்கு வந்த பயத்தப் பாருங்க!" அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்திருப்பேன்னு எனக்குத் தெரியும். பின்னால நீதான வந்த. எப்படி பத்து மாசம் தாங்கின? நானா இருந்தா வெடிச்சிருப்பேன்."

"நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன்.

"யோருன் பேர எழுதுங்க," என்றாள் ஹால்வார்டிடம். "விதியெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஒம்பது மணியானா போன் வந்துடுமோன்னு ஊரே நடுங்குதே."

எல்லாரும் சிரித்தார்கள். ஹால்வார்ட் தாக்னியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த அறையிலிருந்து நிமிர்ந்து வெளியே போனது அவள். தப்பை ஒத்துக்கொள்வதிலும் ஒருத்தி என்னை முந்திவிட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீடு போய்ச் சேரும்வரை அந்த எரிச்சல் அடங்கவில்லை.

மறுநாள் அவளே கொடியையும் வாரையும் கொண்டுவந்து கொடுத்தாள். கொடி துவைத்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. இஸ்திரியில் குறை கண்டுபிடிக்க ரொம்ப நேரம் பார்த்தேன்.

"வார ரெண்டு ஓட்டை ஏத்திப் போடு. நீ குட்டை."

"தெரியும்."

"கழுத்துக்கிட்ட ஒரு துணி மடிச்சு வெச்சுக்கோ, உறுத்தும்."

"எனக்கு உறுத்தாது."

"இடம் வலம் திரும்பாத. தலைய லேசாத் திருப்பினாலும் கம்பம் சாயும், நான் ஆரம்பத்துல படாத பாடு பட்டேன்."

"எல்லாம் நான் பாத்துக்கறேன் தாக்னி."

"பாத்துக்குவ," என்றாள். வாரை ஒரு தடவை விரலால் தடவிவிட்டு மேஜைமேல் வைத்தாள். காபி குடிக்கிறாயா என்று நான் கேட்டிருக்கலாம்.

இந்த வருஷம் மே பதினேழு அன்று வெயில். வராமல் இருக்குமா, என் முறையாயிற்றே! ஐந்து மணிக்கே எழுந்து, ஏற்கெனவே மடிப்பில்லாத கொடியை இன்னொரு தடவை இஸ்திரி போட்டேன். ஸ்வெர்ரெ கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"யோருன், அது கொடி. தேய்ச்சுத் தேய்ச்சுப் பொசுக்கிடாத."

"போய் சட்டைய மாத்து."

மாலை வைத்தாயிற்று. ஹால்வார்ட் கையசைத்தார். பின்னால் ட்ரம் அதிர்ந்தது. நான் முதல் அடி எடுத்து வைத்தேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை, சாலை மட்டும் இருந்தது. இதற்காகத்தான் பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன் என்று நினைத்தேன்.

முதல் வளைவிலேயே வார் கழுத்தைக் கடிக்க ஆரம்பித்தது. காற்று வீசியபோதெல்லாம் கம்பம் என்னை ஒரு பக்கம் இழுத்தது, கழுத்தை விறைப்பாக வைத்தால்தான் நிற்க முடிந்தது. அது கர்வம் இல்லை, கனம். அதை ஒத்துக்கொள்ளக்கூட எனக்குக் கசந்தது.

பள்ளத்துத் தெருவில் கூட்டம் இருபுறமும் நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து எழுந்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள், எல்லாருடைய பத்திரத்திலும் முத்திரை குத்தியவள் நான். யாராவது என்னைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் "இந்த வருஷம் யோருன்" என்று சொல்வார்கள் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் என் தலைக்கு மேலே போய் நின்றது. நான் தூக்கினாலும் ஒன்றுதான், தாக்னி தூக்கினாலும் ஒன்றுதான், ஒரு கொம்பு நட்டு வைத்தாலும் ஒன்றுதான். மேலே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு நடப்பவளுக்குக் கம்பம் தெரியும், துணி படபடக்கிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

முதியோர் இல்லத்துச் சரிவில் தாக்னி நின்றிருந்தாள். கறுப்புப் பாவாடை, வெறும் தலை. கூட்டத்தில் அவள் மட்டும் உயரமாகத் தெரிந்தாள். நான் அவளைக் கடந்தேன். அவளும் என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறந்த நாள் கேக்கைப் பார்க்கிற குழந்தைக்குத்தான் அப்படி ஒரு முகம் வரும்.

நான் பத்தடி போவதற்குள் பின்னால் பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். "தாக்னி! தாக்னி! ஹூர்ரா!" வகுப்புக்கு வகுப்பு அந்தக் கத்தல் தொற்றிக்கொண்டது. அவளுடைய பஸ்ஸில் வளர்ந்தவர்கள். அவள் என்ன செய்தாள், கையசைத்தாளா, அழுதாளா? எனக்குத் தெரியாது. நான் திரும்ப முடியாது. பள்ளிக்கூடம்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். கொடி என் கையில் இருந்தது, அப்படியும் அன்றைய நாள் அவளுடையதாகவே இருந்தது.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் கொடியைத் தாங்கியில் சொருகிவிட்டு, வாரைக் கழற்றிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தாக்னி இரண்டு ஐஸ்கிரீமுடன் வேகமாக வந்தாள். ஒன்றை என் கையில் திணித்தாள். கண் சிவந்திருந்தது.

"யோருன், எவ்வளவு அழகா இருக்குதுடி! பத்தொம்பது வருஷமா நான் இதப் பாத்ததே இல்லையே! அந்த வளைவுல காத்து திரும்புச்சு பாரு, அப்ப அந்தச் செவப்பு அப்படியே சுருண்டு, ஒரு வீசுல விரிஞ்சுது. பின்னாடியே அத்தன பிள்ளைங்க."

"ம்," என்றேன்.

"ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்காத. எனக்கு இப்ப ஒம்மேல பொறாமையா இருக்கு. பத்தொம்பது வருஷம் நேர் பின்னாடி நடந்திருக்க. ஒன்ன மாதிரி கிட்டத்துல இருந்து யாரும் பாத்திருக்க மாட்டாங்க. எத்தன தடவ அது அப்படி விரிஞ்சிருக்கும், எல்லாத்தையும் நீ பாத்திருப்ப, இல்ல?"

ஐஸ்கிரீம் என் விரலில் வழிந்தது. அறுபது வருஷத்தில் முதல் தடவையாகத் தாக்னி என் முகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

"பாத்திருக்கேன்," என்றேன். "ஒவ்வொரு வருஷமும்."

ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷமும் நான் பார்த்துக்கொண்டு நடந்தது இவளைத்தான்.